பயந்த கார்டு

ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டும், அதுதானே உலக வழக்கம். மிருதுளாவுக்கோ பயமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் குழம்புப் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைத்திருந்த திரையில் சிபியின் நிழல் மறுபடியும் தோற்றிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு வரலாமா என்று கேட்டுவிட்டு அது சும்மா காத்திருந்தது. நிழல்களுக்கு ரோஷம் கிடையாது.

இரண்டு மாதம் முன்புவரை அந்த நிழலை ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் போதும், உடனே அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடிப்பாள். பெண் ஏதோ ரம்மி ஆடுகிறாள் என்றுதான் அம்மாவுக்கு இன்றுவரை எண்ணம். "சீட்டாடிச் சொத்த அழிச்சவங்க நம்ம சொந்தத்துலயே இருக்காங்க, பாத்துக்க" என்பார். அந்த அம்மாவுக்கு இந்த மாதம் ஒரு போன்கூடப் போகவில்லை. இத்தனைக்கும் இந்த மாதம்தான் அவள் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் பெயர் அரண். ஆளுக்கு ஐந்து சுவர்; எதிராளியின் சுவர்களை முதலில் சரித்தவர் ஜெயித்தார். கடையில் கிடைக்கிற ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி அவரவர் டெக்கை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். போட்டுத் தீர்ந்த கார்டுகள் கவிழ்ந்த வாக்கில் அவரவர் பக்கம் ஒரு குவியலில் விழும். அதற்குக் கிணறு என்று பெயர். விழுந்ததைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, மனசில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் தூர்வாரி என்றொரு பொல்லாத கார்டு வருகிறது. அதைப் போட்டு, "உங்க கிணத்துல கடைசியா விழுந்த நாலு என்ன?" என்று எதிராளியைக் கேட்கலாம். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு ஒரு சுவர் போச்சு. தடுமாறினால் அவருக்கு இரண்டு சுவர் போச்சு.

சிபியிடம் தூர்வாரி போடுகிற தைரியசாலி கோயம்புத்தூரில் அதுவரை பிறக்கவில்லை. கடைசி நாலு என்ன, முதலில் விழுந்ததிலிருந்து வரிசையாக ஒப்பிப்பார் மனுஷர். அவருக்கு எதிரே உட்காருகிறவர்கள் அந்தக் கார்டை டெக்கிலிருந்தே எடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இந்த நிழல் என்பது என்ன என்று, போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பேங்க் மேனேஜர் பர்வீன் அக்காவிடம் கேட்டார். சாய்பாபா காலனியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் கார்டு கடை வைத்திருப்பவர் பர்வீன் அக்கா. ஞாயிறு தவறாமல் அங்கே போட்டி நடக்கும்.

"மேசைக்கு மேல கேமரா இருக்குதுல்லங்க. நீங்க எந்தக் கார்ட எப்பப் போடறீங்க, எங்க யோசிக்கறீங்க, யாருகிட்ட துணிஞ்சு ஆடறீங்க, யாருகிட்ட தயங்கறீங்க, எல்லாத்தையும் அது பாத்துட்டே இருக்கும். பாத்துப் பாத்து உங்கள மாதிரியே ஆடற ஒன்ன செஞ்சு வெச்சுரும். வாராவாரம் புதுசாக்கிரும். அதான் உங்க நிழல். மத்தவங்க அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஆடிப் பழகுவாங்க. நீங்க அவங்களுதை எடுத்துக்கலாம்."

"என்னோடதையே நான் எடுத்துட்டுப் போலாமுங்களா?"

"வேண்டாமுங்க. அப்படி எடுத்துட்டுப் போன ரெண்டு பேரு அதுக்கப்புறம் கார்டையே தொடல. நாம ஆடற லட்சணத்த நாமளே பாக்கக் கூடாது."

அக்கா சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். நிழலில் பார்த்ததை மேசையில் பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்போமே, அந்த மரியாதை.

அந்த மாடிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் உடனே எழுந்துவிடக் கூடாது. தோற்றவரைப் பார்த்து, இந்த ஆட்டத்தில் நான் பயந்த கார்டு இது என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். பொய் சொல்கிறவரோடு அப்புறம் யாரும் உட்காரமாட்டார்கள். ஆறு வருஷமாக மிருதுளா டெக்கைச் செப்பனிட்டது இந்தப் பயந்த கார்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான். அவற்றில் பாதிக்குமேல் சிபி சொன்னவை, ஏனென்றால் பாதிக்குமேல் சிபியிடம்தான் தோற்றாள்.

கார்டு மாற்றுவதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு கார்டுதான். அது மிருதுளா கொண்டுவந்த சட்டம். அவளுக்குப் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. வாஷரையும் வால்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் ஒழுக்கு எதனால் நின்றது என்று தெரியாமல் போய்விடும் என்பாள். "பம்ப்செட் புத்தி" என்று சிபி கிண்டல் செய்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவரும் ஒவ்வொன்றாகத்தான் மாற்றினார்.

போன மாதம் அவள் மாற்றிய கார்டு தூர்வாரி. சும்மா விளையாட்டுக்கு ஒன்றைச் சேர்த்து, சிபியின் நிழலிடம் போட்டுப் பார்த்தாள். நிழல் தடுமாறியது. இரண்டு சுவர் சரிந்தது. யாருமே துணியாததால் யாருமே கண்டுபிடிக்காத ஓட்டை என்று நினைத்துத் துள்ளிக் குதித்தாள். சென்னையில் நடக்கிற மாநிலப் போட்டிக்கு அந்த மாடியிலிருந்து வருஷத்துக்கு ஒருவர்தான் போக முடியும். ஆறு வருஷமும் போனவர் சிபி. இந்தத் தடவை நான்தான் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டாவது தூர்வாரி வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. நிழல் தோற்றுக்கொண்டே இருந்தது.

அப்புறம் அந்தப் பம்ப்செட் புத்தி சும்மா இருக்கவில்லை. மூன்று தூர்வாரியையும் எடுத்துவிட்டுப் பழைய டெக்கைக் கட்டி ஆடிப் பார்த்தாள். அப்போதும் ஜெயித்தாள். பர்வீன் அக்கா பழைய நிழல்களை அழிக்காமல் வைத்திருப்பார் என்பதால், பொங்கல் சமயத்துச் சிபியின் நிழலை இறக்கி, அதே புது டெக்கோடு மோதினாள். தூர்வாரி போட்ட மூன்று தடவையும் அது நாலு கார்டையும் கடகடவென்று சொல்லி அவளை நார் நாராகக் கிழித்தது.

மாறியது டெக் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேறொருவராக இருந்தால் மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். மறதி யாருக்குத்தான் இல்லை? ஆனால் சிபிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை. மயக்க மருந்து டெக்னீஷியன். டாக்டர் சொல்லச் சொல்ல ஊசியில் மருந்தை ஏற்றி நீட்டி, எது கொடுத்தாயிற்று, எது பாக்கி என்று மனசில் வைத்திருக்கிற ஆள். மெஷினும் குறித்துக்கொள்ளும்தான். ஆனால் அவசரத்தில் டாக்டர் மெஷினைப் பார்க்கமாட்டார், "சிபி, குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். சிபியே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை இப்போது அவளைத் தூங்கவிடவில்லை. போட்டதையே மறுபடி போட்டுவிட்டால்? நாற்பது வயசில் ஒரு மனுஷருக்கு இப்படி வருமா?

சனிக்கிழமை பர்வீன் அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "அக்கா, ஒருத்தரோட நிழல் திடீர்னு மட்டமா ஆடுச்சுன்னா என்னக்கா அர்த்தம்?"

அக்கா கார்டு உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "ஆயிரம் அர்த்தம் இருக்கும். வீட்டுல சண்டையா இருக்கும். பல் வலியா இருக்கும். ஏன் கேக்கற?"

"சும்மாக்கா. அந்த ஆளுக்கே தெரியாத வியாதி எதாவது இருந்தா..."

"நிறுத்து மிருதா." இப்போது நிமிர்ந்தார். "ஈரோட்டுல ஒரு கடையில இப்படித்தான். ஒருத்தரு நிழலுக்குக் கை நடுங்குதுன்னு எவனோ போயி அவரு ஆபீஸ்ல சொல்லிட்டான். டிரைவர் வேலை, உடனே நிறுத்திட்டாங்க. கடைசியில பாத்தா அவருக்கு ஒன்னுமே இல்ல, அவரு உக்காந்த சேரு ஆடிட்டு இருந்திருக்குது. அதுக்குள்ள அந்தக் குடும்பம் பட்ட பாடு இருக்கே. எங்கிட்ட பேர மட்டும் சொல்லிராத. சொன்னீனா எனக்கும் தூக்கம் போயிரும்."

பல் வலியாக இருக்கலாம், சேர் ஆடியிருக்கலாம். மிருதுளா அந்த வாரமும் வாயை மூடிக்கொண்டாள். நேரில் கேட்டால் அவமானப்படுவாரே என்ற பயம் ஒருபக்கம். கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம் இன்னொருபக்கம். இதற்கிடையில் வெட்கங்கெட்ட ஒரு நினைப்பும் எட்டிப் பார்த்தது: அவர் இப்படி இருந்தால் சென்னைக்கு நான்தான். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்த பிறகும் அது போகவில்லை.

மூன்று ஞாயிறுகள் இப்படியே ஓடின. மாடியில் மற்றவர்களிடம் தூர்வாரியைப் போட்டாள்; சிபி எதிரே உட்கார்ந்தால் மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். நாலாவது ஞாயிறு, மாநிலப் போட்டிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள். இன்று சொல்லியே தீருவது என்று முடிவெடுத்து, பேக்கரி வாசலில் காத்திருந்தாள். சிபி வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்தபடியே வந்தார்.

"என்ன மிருதா, மூஞ்சி பரீட்சைக்குப் போற மாதிரி இருக்குது. டீ சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்ணா."

தேங்காய் பன்னைப் பிட்டுத் தின்றபடி மழையைப் பற்றிப் பேசினார், மேம்பால வேலையைப் பற்றிப் பேசினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேம்பாலத்தின் பெயரைச் சொல்லும்போது ஒரு நொடி தயங்கினாரோ?

"டீ இன்னும் வரலியே. சொன்னியா, இல்லியா?"

இரண்டு நிமிஷம் முன்புதானே கேட்டார்! ஆனால் டீ வர நேரமானால் யாரும்தான் அப்படிக் கேட்பார்கள். இவள் அப்பா தினமும் கேட்பார். எது சாதாரணம், எது வியாதி என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"அண்ணா, வேலையெல்லாம் எப்படிங்ணா போகுது? தியேட்டர்ல?"

சிபி டீ கிளாஸை வாங்கிக்கொண்டே அவளை ஒரு தடவை பார்த்தார். "ஏன் கேக்கற?"

இதுதான் சமயம். பலகையாவது ஒன்றாவது, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய், "சும்மாங்ணா" என்றது. சிபி தலையாட்டிவிட்டு டீயை ஊதினார். ஏதோ எதிர்பார்த்து ஏமாந்தவர் மாதிரி அந்த முகம் இருந்ததை அவள் கவனித்தாள். அர்த்தம் மட்டும் புரியவில்லை.

மாடியில் அன்று நல்ல கூட்டம். மிருதுளா அரையிறுதியில் அந்தப் பேங்க் மேனேஜரைச் சந்தித்தாள். தூர்வாரியைப் போட்டுக் கிணற்றைக் கேட்டாள். மனுஷர் இரண்டு கார்டு சொல்லிவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொண்டு விழித்தார். கதை முடிந்தது. "உங்க மதகு கார்டுக்குத்தாங்க பயந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இறுதி ஆட்டத்தில் எதிரே சிபி.

அவர் நிதானமாக ஆடினார். ரொம்ப நிதானம். ஒவ்வொரு கார்டும் கிணற்றில் விழும்போது அதன் முதுகை விரலால் ஒரு தடவை தொட்டார். இந்தப் பழக்கம் முன்பு இருந்ததா? அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்துத் தன் கிணற்றையே கோட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் டெக் நல்ல டெக், அவளைக் கைவிடவில்லை. கடைசியில் அவரிடம் இரண்டு சுவர் மிச்சம், இவளிடம் ஒன்று. இவள் முறை. கையில் தூர்வாரி.

போட்டால் ஒரே கேள்விதான். அவர் தடுமாறினால் இரண்டு சுவரும் சரிந்து சென்னை இவளுக்கு. சரியாகச் சொன்னால் இவள் சுவர் சரிந்து ஆட்டம் அவருக்கு. சரியாகச் சொல்லட்டுமே, அப்படிச் சொல்லிவிட்டால் என் பயமெல்லாம் வீண் என்று தெரிந்துவிடுமே என்றும் நினைத்தாள். ஆனால் தடுமாறினால்? இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள். ஆறு வருஷம் எல்லாரையும் வாய் பிளக்க வைத்த மனுஷர், நாலு கார்டின் பெயர் வராமல் இந்த மேசையில் திணறுவதை அவளால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

"யோசி, யோசி. அவசரமில்ல" என்றார் சிபி. அவர் கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கார்டுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றுக்கும் உதவாத ஒரு கார்டை எடுத்துப் போட்டாள். அடுத்த முறையில் சிபி அவளுடைய கடைசிச் சுவரைச் சரித்தார். கைதட்டல் கேட்டது. பர்வீன் அக்கா ஸ்வீட் டப்பாவைத் திறக்கப் போனார். கூட்டமும் அந்தப் பக்கம் நகர்ந்தது. மிருதுளாவுக்குத் தோற்ற வருத்தமே இல்லை. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு ஆறுதல்கூட எட்டிப் பார்த்தது.

சிபி எழவில்லை.

"பயந்த கார்டு சொல்லணுமில்ல" என்றார். "உன் கையில இருக்கற தூர்வாரி."

அவள் திடுக்கிட்டுப் போனாள். கையைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள். "எப்படிங்ணா தெரியும்?"

"ஒரு மாசமா உன் நிழல்கூடத்தான ஆடிட்டு இருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "பலகை மேல இருக்குது, தெரியும். இருந்தாலும் பேசறேன். உன் டெக்ல மூணு தூர்வாரி இருக்குது. மத்தவங்க நிழலோட மோதவிட்டா உன் நிழல் அதப் போட்டுத் தாக்குது. என்கூட ஆடும்போது மட்டும் கையிலயே வெச்சுட்டு இருக்குது. தோத்தாலும் போடறதில்ல. மொதல்ல, நாம தப்பாச் சொல்ல மாட்டோம்னு பயப்படுதுன்னு நெனச்சு எனக்கு ஒரே பெருமை."

"அண்ணா..."

"இரு. அப்பறம் உன் சட்டப்படி ஒன்னொன்னா மாத்திப் பாத்தேன். என் டெக்ல எந்தக் கார்டப் பாத்துத் தயங்குதுன்னு ஒவ்வொன்னா எடுத்துப் பாத்தேன். எத எடுத்தாலும் தயங்குது. மொத்த டெக்கையும் மாத்தினேன். அப்பவும் தயங்குது. சரி, பயம் என் கார்டு மேல இல்ல, என் மேலன்னு புரிஞ்சுது." சிபி தன் கிணற்றின்மேல் கையை வைத்தார். "நான் சரியாச் சொல்லிருவேன்னு உன் நிழல் பயப்படல மிருதா. தப்பாச் சொல்லிருவேன்னு பயப்படுது. அப்படி என்னத்தப் பாத்துட்டா இந்தப் பொண்ணுன்னு உக்காந்து யோசிச்சேன். ராத்திரி என் டெக்க நானே போட்டு, நானே கேட்டுப் பாத்தேன். நாலு வரல. ரெண்டு வந்துச்சு."

நிழல் என்றால் மற்றவர்களுடையது என்றே இருந்துவிட்டாள். தனக்கும் ஒன்று இருக்கிறது, அது வாரா வாரம் யார் வீட்டுக்கோ போய்த் தான் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். ஆரம்பம்தான்கறாங்க. மாத்திரையில பிடிச்சு நிறுத்தலாம்கறாங்க. போன திங்கக்கிழமையில இருந்து தியேட்டருக்குப் போறதில்ல. சென்னைக்கு நான் போகல, உன் பேரக் குடுக்கச் சொல்லி அக்காகிட்ட சொல்லிக்கறேன்."

"நான் சொல்லணும்னுதாங்ணா இருந்தேன். மூணு வாரமா வாய் வரைக்கும் வருது. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"காலைல பேக்கரியில கூட வாய் வரைக்கும் வந்துச்சு. பாத்தேன். நீ சொல்லுவீன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். "ஜெயிக்க விட்டாப் போதும்னு நெனச்சுட்ட. நீ மொத வாரமே சொல்லியிருந்தீனா, மொத வாரமே லீவு போட்டிருப்பேன்."

அந்த இடைப்பட்ட வாரங்கள் இப்போதுதான் அவள் கண்முன் வந்தன. பச்சைத் துணி போர்த்திய யார் யாரோ. டாக்டரின் கேள்வி. அதற்குச் சிபி சொன்ன பதில்கள்.

"அண்ணா," மேசைமேல் குனிந்து கேட்டாள். "அந்த மூணு வாரத்துல... யாருக்கும் ஒன்னும் ஆகலீல்லங்ணா?"

சிபி கவிழ்ந்து கிடந்த தன் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் கார்டின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கினார். திருப்பாமலே மறுபடி வைத்துவிட்டார்.

"ஆகலைன்னுதான் ஞாபகம்" என்றார்.